புலவரும் பொறியும்

1935ஆம் ஆண்டில் பி.பி.சி. வானொலியில் ஆங்கிலேயப் பொறியாளர் ஒருவர் பேசினார். கடலின் அடியிலிருந்து எடுத்த மண்ணால் ஆகிய பெரியதொரு தீவில் தாம் வாழ்வதாகவும், தம் வீட்டின் மேல்மாடியில் நின்று பார்த்தால் கீழ்த்திசையிலேயே சிறந்த துறைமுகம் கண்முன் விரிவதாகவும் அவர் உலகத்துக்கு எடுத்துரைத்தார். அவர் பெயர் ராபர்ட் பிரிஸ்டோ. அவர் குறித்த இடம், மட்டாஞ்சேரிக்கும் எர்ணாகுளத்துக்கும் இடையே உப்பங்கழியில் கிடக்கும் வெலிங்டன் தீவு.

பிரிஸ்டோ கொச்சிக்கு வந்தது 1920 ஏப்ரலில். துறைமுகத்தின் வாயிலை அடைத்துப் பாறைபோல் இறுகிக் கிடந்த மணல்திட்டை வெட்டி, பெருங்கப்பல்கள் செல்லும் ஆழமான வழியை உண்டாக்குவதே அவருக்கு இடப்பட்ட பணி. அப்போது சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் வெலிங்டன் பிரபு. அவர் பெயரைத் தாங்கிய தூர்வாரும் கப்பல் ஓயாது மண்ணை அள்ளியது. 1928 மே மாதத்தில் ‘பத்மா’ என்னும் நீராவிக் கப்பல் புதிய வழியே உள்துறைமுகத்தினுள் நுழைந்தது. அள்ளிய மண்ணைக் கொட்டிய இடம் தீவாயிற்று. தீவும் ஆளுநர் பெயரையே பெற்றது.

பழைய ஊர் ஒவ்வொன்றுக்கும் தலபுராணம் உண்டு. ஒரு முனிவர் தவம் செய்திருப்பார். ஒரு பசு புற்றின்மேல் பால் சொரிந்திருக்கும். ஒரு மன்னன் கனவு கண்டிருப்பான். வெலிங்டன் தீவுக்கு அத்தகைய புராணம் எதுவும் இல்லை. அதன் தலபுராணம் ஒலிவாங்கியின் முன் பிறந்து வானொலி வழியே பரவியது எனலாம். எனினும் அங்கே குடியேறியவர்கள் கதையின்றி வரவில்லை. துறைமுகம், இரயில்வே, கப்பற்படை, சுங்கம் எனப் பல பணிகளின் பொருட்டு வந்தவர்கள் தத்தம் ஊர்க் கதைகளையும் உடன் கொணர்ந்தனர். தமிழ்க் குடும்பங்களும் அவர்களுள் உண்டு. கழியைக் கடந்து ஃபோர்ட் கொச்சிப் பக்கம் சென்றால், வேளி என்னும் பகுதியில் சலவைத் தொழில் செய்யும் வண்ணார் குடும்பங்கள் பல தலைமுறைகளாகத் தமிழ் பேசி வாழ்வதைக் காணலாம். டச்சுக்காரர் காலத்தில் தம் முன்னோர் அழைத்து வரப்பட்டனர் என்பது அவர்கள் வாய்வழியாகச் சொல்லி வரும் வரலாறு. ஏட்டில் அதற்குச் சான்று தேடுவோர் தேடட்டும். சொல்பவர் இருக்கும்வரை கதை இருக்கிறது.

சொல்பவர் இல்லாமற் போனால்? பிற மாநிலங்களில் வாழும் தமிழர் அனைவரையும் எதிர்நோக்கும் கேள்வி இது. பாட்டி ஊரில் இருக்கிறாள்; பேரன் துறைமுகக் குடியிருப்பிலோ, பம்பாய் மாடிக் கட்டிடத்திலோ, தில்லியிலோ வளர்கிறான். அவனுக்கு நல்லதங்காளையும் காத்தவராயனையும் சொல்ல ஆள் இல்லை. இந்த நிலையில் இரண்டு புதிய பொறிகள் நம்மிடம் வந்து, நாங்கள் சொல்கிறோம் என்கின்றன. ஒன்று மெய்ந்நிகர் காட்சி. கண்களை முழுதும் மூடும் கவசம் ஒன்றை அணிந்துகொண்டால், தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் வேறோர் இடம் நம்மைச் சூழ்ந்து நிற்கும். மற்றொன்று ஆக்கத்திறன் கொண்ட செயற்கை நுண்ணறிவு. கோடிக்கணக்கான சொற்றொடர்களைப் பயின்று, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணித்து, கேட்டதற்கு விடை தொடுக்கும் இயந்திரம் அது. குரலையும் உருவத்தையும்கூட அது புனைந்து தரும். அழிந்துவரும் வாய்மொழிக் கதை மரபுகளை இவற்றால் உயிர்ப்பிக்கலாம் என்ற பேச்சு இன்று உலகெங்கும் எழுந்துள்ளது.

இப்பேச்சின் உண்மையை ஆராய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கொச்சி இரயிலில் ஏறிச் சோரனூருக்குச் சென்றால் போதும். 100 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான தொலைவு. 1902இல் போடப்பட்ட இருப்புப்பாதை இது. இதற்குப் பணம் திரட்ட, திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களைக் கொச்சி மகாராஜா விற்றார் என்று சொல்வார்கள். அந்தப் பாதை முடியும் பாரதப்புழைக் கரையில், கேரளத்தின் நடுவே, இரவு முழுவதும் கம்பனின் தமிழ் ஒலிக்கிறது. கேரளத்தில் பல்லாண்டு வாழும் தமிழருள்ளும் பலர் இதனை அறியார்.

பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பகவதி கோயில்கள் பலவற்றில் கூத்துமாடம் என்றொரு தனிக் கட்டிடம் இருக்கும். ஏறத்தாழ 42 அடி நீளமுள்ள மேடை அது. முகப்பில் வெண்திரை கட்டுவார்கள். திரையின் கீழ்ப்பகுதி கறுப்பு. பின்னால் நீண்ட மரச்சட்டத்தின்மேல் 21 விளக்குகளைத் தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து ஏற்றுவார்கள். மான்தோலில் வெட்டித் துளையிட்ட பாவைகளைத் திரையோடு சேர்த்துப் பிடிக்க, துளைகளின் வழியே ஒளி கசிந்து இராமனும் இலக்குவனும் நிழலாகத் தோன்றுவார்கள். இதுவே தோல்பாவைக்கூத்து. தை பிறந்தது முதல் கோடை வரை நடக்கும். 7 இரவு, 14 இரவு, 21 இரவு என்று கோயில்தோறும் கணக்கு வேறுபடும். 21 இரவுக் கூத்துப் பெரும்பாலும் பஞ்சவடியில் தொடங்கிப் பட்டாபிடேகத்தில் நிறைவுறும்.

பாவை ஆட்டுவோரை அங்கே புலவர் என்றே அழைக்கிறார்கள். அப்பெயர் வெறும் மரியாதைச் சொல் அன்று. இரண்டாயிரத்துக்கும் குறையாத தமிழ்ப் பாடல்களை அவர் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். அவற்றில் பெரும்பகுதி கம்பராமாயணம். ஒரு பாடலைப் பாடியபின் அதற்குப் பொருள் விரிப்பார். விரிவுரை தமிழும் மலையாளமும் வடமொழியும் கலந்த ஒரு தனி மொழியில் ஓடும். பாட்டிலுள்ள ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இலக்கணத்துக்குப் போவார். அங்கிருந்து வேறொரு புராணத்துக்கு. அங்கிருந்து ஒரு நாட்டுக்கதைக்கு. பின்பு மெல்லத் திரும்பி இலங்கைப் போர்க்களத்துக்கு வந்து சேர்வார். ஒரு செய்யுளுக்கு அரைமணி நேரம் செல்வதும் உண்டு. உரை சொல்லும் வல்லமைக்காகவே புலவர் மதிக்கப்படுகிறார். பாவையை அசைக்கச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். பேசக் கற்பதற்குப் பல ஆண்டுகள் வேண்டும்.

இக்கூத்தை அமைத்தவர் சின்னத்தம்பிப் புலவர் என்று மரபு கூறும். கம்பராமாயணம் கற்க விரும்பிய அவரை, உயர்சாதியினர் சிலர் கற்கத் தகாதவர் என்று ஒதுக்கினர் என்றும், அந்த மறுப்பே இக்கூத்து பிறக்கக் காரணம் என்றும் கதை நடக்கிறது. நாயர், செட்டி முதலிய பல குடும்பத்தார் இதனைப் பேணி வந்துள்ளனர். பாலக்காட்டுக் கணவாய் வழியே தமிழும் வணிகமும் நெசவும் எத்தனை நூற்றாண்டுகள் போய் வந்தன என்பதை நினைத்தால், இங்கே கம்பன் வந்து தங்கியதில் வியப்பில்லை.

இனி நாம் சொல்லப் புகுவது, இக்கூத்தைப்பற்றி எல்லாவற்றிலும் விந்தையானது. கூத்தைக் கேட்க ஆள் வருவதில்லை. முதல் நாழிகையில் சிலர் அமர்ந்திருப்பார்கள். கருடன் வந்து நாகபாசத்தை அறுக்கும் இரவிலும் பட்டாபிடேக இரவிலும் கூட்டம் உண்டு. ஏனைய இரவுகளில் நள்ளிரவு கடந்தால் முற்றம் வெறிச்சோடிவிடும். புலவர்கள் அதற்காக ஒரு பாட்டையும் குறைப்பதில்லை. காரணம் கேட்டால் கதை சொல்வார்கள். தாரிகாசுரனை வதைக்கப் பிறந்த பத்திரகாளி, அவனோடு பொருதுகொண்டிருந்த காலத்தில்தான் இராமன் இராவணனை வென்றானாம். அப்போரைக் காண இயலாத குறையை அவள் சிவபெருமானிடம் முறையிட, அவள் காணும்பொருட்டு இக்கூத்து ஏற்பட்டதாம். ஆகவே கூத்துமாடம் கோயிலை நோக்கி நிற்கிறது. கேட்பவள் தேவி ஒருத்தி இருக்கிறாள். மனிதர் வந்தால் வரட்டும்.

1980களில் இக்கூத்தை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் அமெரிக்க அறிஞர், 1996இல் வெளியிட்ட தம் நூலில் இந்த ஆளில்லா முற்றத்தைப்பற்றி விரிவாக எழுதியுள்ளார். வெளியே கேட்பவர் இல்லாதபோது, திரைக்குப் பின்னாலிருக்கும் புலவர்களே ஒருவருக்கொருவர் கேட்போராகி விடுகிறார்கள் என்பது அவர் கண்ட செய்தி. ஒருவர் இராமனுக்காகப் பேசுகிறார்; மற்றவர் வீடணனுக்காக விடை கூறுகிறார். கேள்வி கடினமாகிறது, விடை நீள்கிறது. இளையவர் தடுமாறினால் மூத்தவர் அடியெடுத்துக் கொடுக்கிறார். நூற்றுக்கணக்கான இரவுகள் இப்படி விழித்திருந்துதான் ஓர் இளைஞன் புலவனாகிறான். கதை கேட்பதும் கதை கற்பதும் அந்த மாடத்தினுள் ஒரே வேலை.

வில்லுப்பாட்டிலும் இதன் சாயல் உண்டு. அண்ணாவி ஓர் அடி பாட, பக்கத்திலிருப்பவர் ‘ஆமா’ என்று ஏற்றுக்கொண்டு அடுத்ததைத் தூண்டுவார். அந்த ஆமாவை நீக்கிவிட்டால் வில் இருக்கும், குடம் இருக்கும், பாட்டும் இருக்கும், கதை நகராது.

பொறி இம்மரபுகளைத் தொட்டது இது முதல்முறை அன்று. கதையைச் சுமக்க முன்வந்த ஒவ்வொரு கருவியும் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட்டது. ஓலை சொல்லை எடுத்தது, குரலை விட்டது. அச்சு ஓலையின் வேறுபாடுகளை நீக்கிச் சொல்லை ஒரே வடிவில் நிறுத்தியது. இசைத்தட்டு குரலை எடுத்தது; ஆனால் மூன்று நான்கு நிமிடங்களுக்கு மேல் அதில் இடமில்லை. 1913 முதல் 1929 வரை, மொழிகளின் மாதிரிகளைத் திரட்ட இந்திய அரசு இசைத்தட்டுகள் பதிவு செய்தது. மதராஸ் மாகாணத்து மொழிகளும் அவற்றுள் அடங்கும். ஊதாரி மகனைப்பற்றிய விவிலியக் கதையையும் வேறு சில கதைகளையும் மக்கள் கருவியின் முன் சொன்னார்கள். பதிவு செய்தோருக்கு வேண்டியிருந்தது உச்சரிப்பு. கதை அதற்கு ஏறிச்செல்லும் வண்டியாக மட்டும் இருந்தது. நூறாண்டுக்கு முன் வாழ்ந்தவரின் குரல் இன்று நமக்குக் கிடைப்பது அந்த வேலையால்தான் என்பதையும் மறுக்க இயலாது.

பின்னர் வானொலி வந்தது. 1938இல் சென்னை நிலையமும் 1939இல் திருச்சி நிலையமும் தொடங்கின. கொத்தமங்கலம் சுப்பு காந்தி மகான் கதையை வில்லுப்பாட்டாக்கிப் பாடியபோது, கோயில் கொடையை அறியாத நகரத்தாரும் வில்லின் ஓசையை வீட்டிலிருந்தபடியே கேட்டனர். தெற்கத்திச் சீமையின் ஒரு வட்டாரக் கலை தமிழகத்தின் பொதுக்கலை ஆனதில் வானொலிக்குப் பங்குண்டு. அதே வானொலி, விடிய விடிய நடக்கும் கதையை அரைமணிக்குள் அடங்கும்படி வெட்டவும் செய்தது. வெட்டிய வடிவமே கதை என்று எண்ணும் தலைமுறையும் உருவாயிற்று. வானொலிப் பேச்சில் இதனைச் சொல்ல நமக்குக் கூச்சமில்லை. பொறியின் நன்மை தீமை இரண்டையும் அறிந்தவர்கள் அதனோடு வாழ்ந்தவர்களே.

தோல்பாவைக்கூத்துக்கு வருவோம். சோரனூரை அடுத்த கூனத்தறையில் வாழ்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் 1925இல் பிறந்து 2000இல் மறைந்தவர். கூத்துமாடத்துக்குள் மட்டுமே நடந்த கலையை வெளிமேடைக்குக் கொணர்ந்ததும், ஏட்டிலும் நினைவிலும் இருந்தவற்றை எழுதி வைத்ததும் அவர் செய்த பெரும்பணிகள். அவர் மகன் இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. காந்தியடிகள் வரலாற்றையும் இயேசுவின் கதையையும் பாவைகளாக்கி ஆடியது இக்குடும்பம். பெண்கள் நுழையாதிருந்த இக்கலையில் பெண்களே நடத்தும் குழுவும் இக்குடும்பத்திலிருந்து எழுந்துள்ளது. மரபு மாறக்கூடாது என்று கைகட்டி நின்றவர்கள் அல்லர் இவர்கள்.

அதே 2021இல், திருச்சூரைச் சேர்ந்த இங்கர் ரோபோட்டிக்ஸ் என்னும் நிறுவனத்தோடு சேர்ந்து இக்குடும்பத்தின் இளையவர்கள் பாலக்காட்டு மாவட்டப் பாரம்பரிய அருங்காட்சியகத்தில் ஒரு புதுமையைச் செய்தனர். பாவையைப் பிடிக்கும் கைக்கு மாற்றாக மின்பொறிகளை அமைத்தார்கள். கணிப்பொறியின் கட்டளைப்படி இராமனின் வில் உயர்கிறது, இராவணனின் கை அசைகிறது; பதிவு செய்த குரல் ஒலிக்கிறது. இரவு விழிக்க இயலாதவர்களும் பள்ளி மாணவர்களும் பகலில் போய்ப் பார்க்கலாம். எந்திரப் பாவை என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. பெயரே கேளாதவர் பலர் இக்கலையின் பெயரைக் கேட்டனர். கலைஞரின் சம்மதத்தோடும் கைத்திறத்தோடும் நடந்த முயற்சி ஆகையால் இதனைப் பழிப்பதற்கு ஏதுமில்லை.

எனினும் எந்திரம் எடுத்துக்கொண்டது எதனை என்று நோக்க வேண்டும். அது கையை எடுத்துக்கொண்டது. நாம் முன்னே கூறியபடி, இக்கூத்தில் கற்க எளிதான பகுதி அதுவே. இரவின் பெரும்பகுதியை நிறைக்கும் உரையாடல் அருங்காட்சியகத்துக்கு வரவில்லை. சில நிமிடக் காட்சியில் வரவும் இயலாது. பழைய கருவிகள் செய்ததையே புதிய கருவியும் செய்கிறது.

இவ்விடத்தில்தான் செயற்கை நுண்ணறிவை ஆதரிப்போர் ஒன்று சொல்வார்கள். இசைத்தட்டு பேசும், ஆனால் கேளாது. இப்பொறி கேட்கவும் செய்யும். குழந்தை இடைமறித்து, ‘கும்பகர்ணன் ஏன் தூங்கினான்?’ என்று வினவினால் விடை சொல்லும். பழைய பொறி எதற்கும் இல்லாத ஆற்றல் இது. நாம் இதனை எளிதாகத் தள்ளிவிடுதல் முறையன்று. ஆயினும் அவ்விடை எங்கிருந்து வரும்? பொறி பயின்ற நூல்களிலிருந்து. அது பயின்ற தமிழ் அச்சேறிய தமிழ், கணினியில் ஏறிய தமிழ். புலவர் வாயில் வழங்கும் கம்பன் பாட்டோ பல இடங்களில் அச்சுப் பிரதியோடு ஒத்துப்போவதில்லை. சீர் மாறியிருக்கும், மலையாள ஒலி ஏறியிருக்கும், கம்பனல்லாதார் பாட்டும் இடையே வந்து அமர்ந்திருக்கும். தலைமுறைகளாக வாய்வழியே வந்ததன் தழும்புகள் அவை. பொறிக்கு அவை பிழையாகவே தோன்றும். அச்சுப் பாடத்துக்குத் திருத்திக் கொடுத்துவிடும். புலவரின் குரலைப் புனைந்துகொண்டு, புலவர் ஒருநாளும் சொல்லாததைச் சொல்லும். கேட்பவர் அதனையே மரபென்று கொள்வார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்திய மொழிகளுக்குப் பேச்சறியும் கருவிகளை உருவாக்கப் பெருமுயற்சிகள் நடக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு அரசியலமைப்பு அட்டவணையின் 22 மொழிகளிலும் மக்களின் பேச்சைத் திரட்டி வருகிறது, போற்றத்தக்க பணி. ஆனால் கூத்துமாடத்தின் மொழியை எந்தப் பெட்டியில் இடுவது? தமிழ்ப் பெட்டியில் இட்டால் மலையாளம் துருத்தும். மலையாளப் பெட்டியில் இட்டால் தமிழ் துருத்தும். எல்லையில் வாழும் தமிழர் பேச்சு அனைத்துக்கும் இந்நிலை உண்டு. கொச்சித் தமிழும், பாலக்காட்டுத் தமிழும், பெங்களூர்த் தமிழும், பம்பாய்த் தாராவித் தமிழும் எந்தப் பெட்டியிலும் சரியாக அடங்கா. நம் வீட்டுப் பேச்சு அத்தகையது. நம் வீட்டுக் கதையும் அப்பேச்சிலேதான் இருக்கிறது.

கொச்சிக்கு அருகிலேயே மற்றோர் எடுத்துக்காட்டு உண்டு. பெரியாற்றின் கழிமுகத்தை ஒட்டிய கோதுருத்தில் இலத்தீன் கிறித்தவர்கள் ஆடும் சவிட்டுநாடகம், மரத்தளத்தை ஓங்கி மிதித்து ஆடப்படுவது. போர்த்துக்கேயர் வரவை ஒட்டி எழுந்த இக்கலையில் பிராங்கியப் பேரரசன் சார்லமேனின் கதையான ‘காரல்மான் சரித்திரம்’ புகழ்பெற்றது. அதன் பழைய சுவடிகளின் மொழி பெரிதும் தமிழ். ஆசிரியராகச் சொல்லப்படுபவர் சின்னத்தம்பி அண்ணாவி. இரு கலைகளுக்கும் மூலவராக இரு சின்னத்தம்பிகள் அமைந்தது தற்செயலோ, தமிழாசிரியருக்கெல்லாம் அப்பெயரிட்டு வழங்கினார்களோ, யார் கண்டார்! ஐரோப்பிய மன்னன் தமிழில் பாடிக் கேரளத்தில் போர் புரியும் இந்நாடகத்தின் மொழியையும் எந்தப் பெட்டியில் இடலாம்?

உலகில் இத்துறையில் நடந்தவற்றுள் இரண்டு நமக்குப் பயன்படும். அமெரிக்காவில் ஷோவா அறக்கட்டளை என்னும் நிறுவனம், நாஜிகளின் வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பியவர்களை நாட்கணக்கில் அமரவைத்து, ஒவ்வொருவரிடமும் நூற்றுக்கணக்கான கேள்விகளைக் கேட்டு விடைகளைப் பல கோணங்களில் படமாக்கிற்று. முதலில் அமர்ந்தவர் பிங்கஸ் குட்டர். இன்று அருங்காட்சியகத்தில் ஒரு மாணவர் கேள்வி கேட்டால், பொறி அக்கேள்வியைப் புரிந்துகொண்டு, அதற்குப் பொருத்தமான பழைய விடையைத் தேடி எடுத்துக் காட்டும். பொறி ஒரு சொல்லையும் தானாகப் புனைவதில்லை. தேர்வது மட்டுமே அதன் வேலை. சொன்னவர் சொன்னதே ஒலிக்கிறது. வாய்மொழி வரலாற்றுக்கு இத்தகைய அடக்கம் தகும் என்பது நம் கருத்து.

மற்றொன்று நியூசிலாந்தின் வட மூலையில் உள்ள தே ஹிக்கு என்னும் மாவோரி வானொலி நிலையம். பல பத்தாண்டுகளாகத் தம் முதியோரின் கதைகளையும் நினைவுகளையும் ஒலிபரப்பி வைத்திருந்த அந்நிலையத்தார், அப்பதிவுகளை எழுத்தாக மாற்றும் பொறியைத் தாமே உருவாக்க முனைந்தனர். 2018இல் மக்களை அழைத்துச் சொற்றொடர்களைப் படிக்கச் செய்து, 10 நாட்களில் 300 மணி நேரத்துக்கு மேல் மாவோரிப் பேச்சைத் திரட்டினர். பெரிய வெளிநாட்டு நிறுவனங்கள் அதனைக் கேட்டபோது கொடுக்க மறுத்தனர். முதியோரின் குரல் இனத்தின் சொத்து, அதற்கு நாங்கள் காவலர், உரிமையாளர்கூட அல்லர் என்பது அவர்கள் நிலை. ஒரு சிறிய வானொலி நிலையம் இதனைச் செய்தது என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

இவ்விரண்டையும் மனத்தில் கொண்டு கூத்துமாடத்தை மீண்டும் பார்ப்போம். மெய்ந்நிகர் காட்சிக்கு அங்கே ஒரு நல்ல வேலை காத்திருக்கிறது. முற்றத்தில் அமர்பவர் நிழலை மட்டுமே காண்கிறார். கதை நடப்பது திரைக்குப் பின்னால். 21 விளக்குகளின் வெம்மையில், புலவர்கள் வியர்த்து, வெற்றிலை மடித்துக்கொண்டே வாதிடும் அந்தக் குறுகிய இடத்தில். சுற்றிலும் பார்க்கும் ஒளிப்படக் கருவியை அங்கே வைத்து, 21 இரவுகளையும் ஓர் இரவுகூடக் குறைக்காமல் பதிவு செய்தால், இதுவரை எந்தப் பார்வையாளரும் அமராத இடத்தில் ஒரு மாணவர் அமரலாம். கற்க விரும்புபவருக்கு அது ஒரு குருகுலத்தின் வாயில். செயற்கை நுண்ணறிவு அப்பதிவுகளில் எந்தப் பாடலுக்கு எந்தப் புலவர் என்ன உரை சொன்னார் என்று தேடிக் கொடுக்கட்டும். நூற்றுக்கணக்கான மணி நேரப் பேச்சில் மனிதர் தேட ஆண்டுகள் ஆகும். பொறி நொடியில் தேடும். தானே உரை சொல்லும் வேலையை அதனிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. பதிவின் சாவி புலவர் குடும்பங்களிடம் இருக்க வேண்டும். அதனால் வருவாய் கிடைத்தால் அதுவும் அவர்களுக்கே சேர வேண்டும். இரவு முழுவதும் பாடுபவருக்குக் கோயிலில் கிடைக்கும் பணம் சிறிது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போவதற்குக் காரணம் பொறி அன்று.

மட்டாஞ்சேரியின் ஒரு வரலாறு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 1568இல் எழுந்த யூதர் ஆலயம் அங்கே இன்றும் நிற்கிறது. கொச்சி யூதப் பெண்கள் திருமணத்திலும் பண்டிகையிலும் மலையாளப் பாட்டுகளைப் பாடி வந்தனர். பாட்டுகளைத் தம் கையால் குறிப்பேடுகளில் எழுதி, தாய் மகளுக்குக் கொடுத்து வந்தனர். 1948இல் இஸ்ரேல் அமைந்தபின், சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலோர் அங்கே குடியேறினர். புதிய நாட்டில் எபிரேயம் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்பாட்டுகள் விளங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் ஆராய்ச்சியாளர்கள் அக்குறிப்பேடுகளைத் தேடிச் சேர்த்தனர். மூதாட்டிகளின் குரலை ஒலிநாடாவில் பதிந்தனர். 2004இல் ஜெருசலேமிலிருந்து அப்பாட்டுகளின் குறுந்தகடும் வெளிவந்தது. அதைவிடப் பெரிய செய்தி, அங்கேயுள்ள கொச்சிப் பெண்கள் மீண்டும் கூடி, ஏட்டைப் பார்த்தும் மூத்தவரைக் கேட்டும் பாட்டுகளைப் பயின்று மேடையில் பாடத் தொடங்கியது. ஒலிநாடா தானாக எதையும் உயிர்ப்பிக்கவில்லை. பாட்டு எந்த மெட்டில் போகும் என்ற ஐயம் எழுந்தபோது, கேட்பதற்கு ஒரு பாட்டி உயிரோடிருந்தாள், ஒலிநாடாவும் இருந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் காரியம் நடந்திராது.

புலம்பெயர்ந்த நம் குடும்பங்களுக்கு இதனினும் நெருங்கிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நம்மிடம் பெரிய கருவிகள் இல்லை; கைப்பேசி எல்லார் கையிலும் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது பாட்டியிடம் கதை கேட்டுப் பதிவு செய்பவர்கள் ஒன்றை நினைவிற்கொள்வது நலம். ‘ஒரு கதை சொல்லுங்கள் பாட்டி’ என்று கருவியை நீட்டினால், அவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். எதிரே குழந்தை உட்கார வேண்டும், அது ‘உம்’ கொட்ட வேண்டும், ‘அப்புறம்?’ என்று கேட்க வேண்டும். நடுவே சண்டை பிடிக்கவும் வேண்டும். அந்த ‘உம்’மும் சேர்ந்து பதிவாகட்டும். ஊர்ப் பெயர், சொன்ன நாள், யாரிடம் கேட்ட கதை என்னும் மூன்றையும் பாட்டியின் வாயாலேயே சொல்லச் செய்தால், பின்னாளில் எந்தப் பொறி அதனைத் தேடினாலும் வழிதவறாது. கொச்சைச் சொல் வந்தால் திருத்த வேண்டா.

வெலிங்டன் தீவிலும் கொச்சி நகரிலும் வாழும் அன்பர்களுக்கு ஒரு வசதி உண்டு. சோரனூருக்கு அருகே கவளப்பாறையில் உள்ள ஆரியங்காவுக் கோயிலில் 21 இரவுக் கூத்து நடப்பது வழக்கம். மாலையில் எர்ணாகுளத்தில் இரயில் ஏறினால் கூத்துமாடத்தில் விளக்கேற்றும் நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். முதலில் பட்டர் பாவைகள் திரைக்கு வந்து கடவுள் வணக்கம் பாடும். பாய் ஒன்று கொண்டுபோவது நல்லது. பின்னிரவில் பனி இறங்கும். நள்ளிரவுக்குப் பின் முற்றத்தில் இடம் நிறையக் கிடைக்கும்.